வீடு வாங்கும் முன் கூரையைச் சோதிப்பது எப்படி?

நான் வாங்கிய வீட்டில் பின்பக்கப் படுக்கையறையின் மேற்கூரைக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருந்தது. மற்ற அறைகளில் எல்லாம் பழுப்பேறிய பழைய பெயிண்ட். ஏன் என்று கேட்டேன். "ஃபேன் மாட்டும்போது கொஞ்சம் பெயர்ந்துவிட்டது, அதனால் அந்த ரூமுக்கு மட்டும் அடித்தோம்" என்றார் விற்றவர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். குடிபோன மூன்றாம் மாதம் பெருமழை. நடுராத்திரியில் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தது, அப்புறம் இன்னொன்று. மறுவாரம் கொத்தனார் அந்த இடத்தைச் சுத்தியலால் தட்டியதும் பூச்சு பாளம் பாளமாக வந்தது. உள்ளே இருந்த கம்பியை விரலால் தேய்த்தேன், துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

அதைச் சரிசெய்ய ஆன செலவு, வீட்டு விலையில் நான் மல்லுக்கட்டிக் குறைத்த தொகையைவிட அதிகம். கவனிக்காமல் ஏமாந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். கவனித்தேன், கேட்டேன், சொன்ன பதிலை அப்படியே நம்பிவிட்டேன். பணம் கைமாறும் வரைதான் வாங்குபவரின் கேள்விக்கு மதிப்பு. அதற்குள் என்னென்ன பார்க்கவேண்டும், எந்த வரிசையில் பார்க்கவேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

1. இது எந்தக் கூரை, வயது என்ன?

முதலில் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். கான்கிரீட் தளமா, ஓடா, உலோகத் தகடா, தார் ஷிங்கிளா (தார் தோய்த்த மெல்லிய பட்டைகளை ஓடுபோல அடுக்கியது)? ஒவ்வொன்றின் ஆயுளும் வேறு. நல்ல களிமண் ஓடு 50 ஆண்டுகளைத் தாண்டியும் உழைக்கும், ஆனால் அதன் அடியிலிருக்கும் மரச்சட்டமும் விரிப்பும் அதற்கு முன்பே தளர்ந்துபோகலாம். தார் ஷிங்கிள் பொதுவாக 15 முதல் 30 ஆண்டுகள். கான்கிரீட் தளம் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்கும், ஆனால் அதன்மேல் அடித்த வாட்டர்ப்ரூஃபிங் பூச்சுக்குச் சில ஆண்டுகள்தான். தார் விரிப்பு ஒட்டியிருந்தால் 10 முதல் 20 ஆண்டுகள்.

ஆகவே விற்பவரிடம் இரண்டு தேதிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: கூரை போட்டது எந்த ஆண்டு, கடைசியாக நீர்க்காப்பு வேலை செய்தது எந்த ஆண்டு. "கூரை புதுசு" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தால், இரண்டில் எது புதுசு என்று திரும்பக் கேளுங்கள்.

2. எப்போது போய்ப் பார்ப்பது?

பெருமழை பெய்த மறுநாள். இதைவிட நல்ல நாள் கிடையாது. மழை நின்று 48 மணி நேரம் கழித்தும் மொட்டை மாடியில் தண்ணீர் நின்றால், அங்கே வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மழை இல்லாத மாதங்களில் வீடு பார்க்கிறீர்கள் என்றால், எல்லாக் கூரையும் யோக்கியமாகத்தான் தெரியும். அப்போது கீழே 6ஆம் படியில் சொல்லியிருக்கும் தண்ணீர்ச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். முதல் தடவை போகும்போது அறைகளின் அளவும் வெளிச்சமும்தான் கண்ணில் படும், கூரை படாது. இரண்டாம் தடவை கூரைக்காக மட்டுமே போங்கள், நல்ல பகல் வெளிச்சத்தில். அப்புறம் பரிசோதகரோடு ஒரு தடவை. பரிசோதகர் வர, அறிக்கை எழுதித் தர, பழுது வேலைக்கு மதிப்பீடு வாங்க என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். "இன்றைக்கே முன்பணம் கொடுக்காவிட்டால் வேறு ஆள் முடித்துவிடுவார்" என்று யாராவது அவசரப்படுத்துவார்கள். அதற்கான பதில் 11ஆம் படியில் இருக்கிறது.

3. கையில் என்ன கொண்டுபோவது?

ஒரு நல்ல டார்ச், போன், சின்ன ஏணி, ஒரு நாணயம், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு பாட்டில் தண்ணீர், பழைய ஏடிஎம் கார்டு ஒன்று. அவ்வளவுதான்.

4. வீட்டுக்குள்ளிருந்து தொடங்குங்கள்

எல்லாரும் நேராக மாடிக்குப் போகிறார்கள். நான் சொல்வது, முதலில் உள்ளே. தண்ணீர் மேலே எங்கே நுழைந்தது என்பது தெரியாமல் போகலாம், எங்கே வந்து சேர்ந்தது என்பது கீழே எழுதியிருக்கும்.

டார்ச்சை நேராக மேலே அடிக்காதீர்கள். ஏணியில் ஏறி, மேற்கூரையை ஒட்டினாற்போலக் கிடையாகப் பிடித்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் இப்போது மேடும் பள்ளமும், பட்டி பார்த்து மறைத்த ஒட்டும் நிழலோடு தெரியும். என் வீட்டில் இதைச் செய்திருந்தால் அந்த ஒட்டின் விளிம்பு வட்டமாகத் தெரிந்திருக்கும்.

பார்க்கவேண்டிய இடங்கள்: அறையின் நான்கு மூலைகள், மின்விளக்கும் ஃபேனும் தொங்குகிற இடம், பரணுக்கு உள்ளே, உயரமான அலமாரிக்கு மேலே, பூட்டியே கிடக்கிற அறை. பரணும் அலமாரியும் முக்கியம். பெயிண்ட் அடிப்பவர் அங்கே கைநீட்டுவதில்லை, பழைய கறை அப்படியே இருக்கும்.

என்னென்ன அடையாளங்கள்? டீ சிந்திக் காய்ந்ததுபோலப் பழுப்பு வளையம் இருந்தால் தண்ணீர் வந்து காய்ந்திருக்கிறது. வளையத்துக்குள் வளையம் என்றால் பலமுறை வந்திருக்கிறது. வெள்ளைத் தூள் பூத்திருந்தால், தண்ணீர் கான்கிரீட்டிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து ஆவியாகியிருக்கிறது. பழுப்பு நிறத்தில் நேர்கோடுகள், அதுவும் சம இடைவெளியில் தெரிந்தால் உஷாராகுங்கள், அவை பெரும்பாலும் கம்பி ஓடும் தடங்கள். இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தம் தாங்காமல்தான் அடிப்பக்கக் கான்கிரீட் பிளந்து விழுகிறது. மேலே இன்னொரு பூச்சு பூசுவதால் இது சரியாகாது. உடைத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேவையான இடத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டவேண்டிய வேலை.

விரிசல் என்றாலே பயப்படவும் வேண்டாம். பூச்சில் மட்டும் வலைபோல ஓடும் மயிரிழைக் கீறல்கள் சாதாரணம். கார்டை எடுத்து விளிம்பை விரிசலில் நுழைத்துப் பாருங்கள். அதன் கனம் சுமார் 0.76 மி.மீ. அது நுழைகிறது என்றால் பொறியாளர் பார்க்காமல் அந்த வீட்டைப் பற்றி மேலே பேசாதீர்கள். மேல்மாடியில் சுவரும் தளமும் சேரும் இடத்தில் கிடையாக ஒரு விரிசல் ஓடுவதை நிறைய வீடுகளில் பார்க்கலாம். வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்குவதால் வருவது அது. பெரும்பாலும் கட்டடத்துக்கு ஆபத்தில்லை, ஆனால் மழைத்தண்ணீருக்கு நல்ல வாசல்.

அப்புறம் தட்டிப் பாருங்கள். நாணயத்தாலோ ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியாலோ மெல்லத் தட்டிக்கொண்டே நகருங்கள். கெட்டியான இடத்தில் 'டக் டக்' என்று கேட்கும். பூச்சு விட்டுப்போன இடத்தில் காலி டப்பாவைத் தட்டியதுபோல 'டொப்' என்று கேட்கும்.

பொறி ஒன்று: ஃபால்ஸ் சீலிங். அழகுக்காகவும் போடுவார்கள், கறையை மறைக்கவும் போடுவார்கள். விளக்கு பொருத்திய துளை ஒன்றைக் கழற்றி, போன் கேமராவை மேலே நுழைத்து ஒரு வீடியோ எடுக்க அனுமதி கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

பொறி இரண்டு: ஈரம் எல்லாம் மழையால் வருவதில்லை. மேலே குளியலறையோ தண்ணீர்க் குழாயோ போனால், மழையே இல்லாத மாதத்திலும் கறை நனைந்திருக்கும். தொட்டுப் பாருங்கள், "மழை இல்லாதபோதும் ஈரமாக இருக்குமா" என்று வீட்டில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர் என்றால் இன்னும் நல்லது, அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை.

5. வெளியே ஒரு சுற்று

தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கூரைக் கோடு நேராக இருக்கிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சுவரில் மேலிருந்து கீழாகக் கறுப்பாகவோ பச்சையாகவோ வழிந்த தடம் இருந்தால், மழைநீர் குழாயை விட்டுவிட்டுச் சுவர் வழியாக இறங்குகிறது. ஜன்னல் மேலுள்ள சன்ஷேடின் அடிப்பாகத்தையும் பாருங்கள். மெல்லியதாக வார்த்த பகுதி என்பதால் கம்பி பல இடங்களில் முதலில் தலைகாட்டுவது அங்கேதான்.

6. மொட்டை மாடி

நீங்களே ஏறிப் பார்க்கவேண்டும். "சாவி அண்ணனிடம் இருக்கிறது, மேலே ஒன்றுமில்லை" என்று என்னிடம் சொன்னார்கள். நானும் விட்டுவிட்டேன். சாவி வரும் வரை அந்த வீட்டைப் பார்த்ததாகவே கணக்கு வைக்காதீர்கள்.

முதலில் தரையில் காய்ந்த சேற்றுப் படலம், பாசி, கறுத்த திட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோடையிலும் குளம் நின்ற இடத்தை அந்தத் திட்டின் விளிம்பு வரைந்து காட்டும். அதன்பின் பாட்டில் தண்ணீரை நடுவில் ஊற்றுங்கள். வடிகால் வாயை நோக்கி ஓடவேண்டும். மீட்டருக்கு 1 செ.மீ. இறக்கமாவது வேண்டும், 2 செ.மீ. இருந்தால் நல்லது. போனில் உள்ள மட்டப் பலகைச் செயலியை நீளமான நேர்க்கட்டைமேல் வைத்தும் அளக்கலாம்.

வடிகால் வாய்கள் எத்தனை? ஒன்றே ஒன்றுதான் என்றால், அது இலையால் அடைபட்டால் தண்ணீர் எங்கே போகும் என்று யோசியுங்கள். கைப்பிடிச் சுவரின் அடியில் அவசர வழியாக ஒரு துளையாவது இருக்கவேண்டும். இல்லையென்றால் மாடி தொட்டியாகிவிடும்.

கசிவு பெரும்பாலும் தளத்தின் நடுவில் தொடங்குவதில்லை, விளிம்புகளிலும் இணைப்புகளிலும்தான். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையை முழுக்க ஒரு சுற்று நடந்து பாருங்கள். அந்த மூலை சரிவாக உருட்டிப் பூசியிருக்கவேண்டும், நீர்க்காப்புப் பூச்சு சுவரில் சுமார் 15 செ.மீ. உயரத்துக்கு ஏறியிருக்கவேண்டும். தளத்தோடு நின்றுவிட்டிருந்தால் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். கைப்பிடிச் சுவரின் தலையிலும் விரிசல் பாருங்கள். தளத்தைத் துளைத்து இறங்கும் குழாய்கள், தண்ணீர்த் தொட்டியின் கால்கள், சோலார் பலகைக்கு அடித்த போல்ட், பழைய டிஷ் ஆண்டெனாவைக் கழற்றிய துளை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்க்கவேண்டியவை. எங்காவது செடி முளைத்திருந்தால் வேர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

மாடி முழுக்க போன வாரம் அடித்த வெள்ளைப் பூச்சு பளபளத்தால் சந்தோஷப்படாதீர்கள். அடியில் என்ன செய்தார்கள், விரிசலை நிரப்பினார்களா, எந்தப் பொருள், பில் எங்கே என்று கேளுங்கள். பூச்சுமேல் பூச்சு, ஓட்டின்மேல் ஓடு என்று அடுக்கியிருந்தால் எடை கூடுகிறது, கோளாறு மறைகிறது, வேறெந்த நன்மையும் இல்லை.

தண்ணீர்ச் சோதனை இரண்டு விதம். ஒன்று, வடிகால்களை அடைத்து 2.5 முதல் 5 செ.மீ. வரை தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுவது. இதைப் பொறியாளர் சரி என்றால் மட்டும் செய்யுங்கள். 5 செ.மீ. தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ, 100 சதுர மீட்டர் மாடியில் 5 டன். ஏற்கெனவே தொய்ந்த, கம்பி துருவேறிய தளத்தில் இந்த எடையை ஏற்றுவது விளையாட்டல்ல. மற்றது, ஹோஸ் பிடித்து ஒவ்வோர் இடமாக அரை மணி நேரம் நனைப்பது. தாழ்ந்த இடத்தில் தொடங்கி மேலே போகவேண்டும், கீழே ஒருவர் டார்ச்சோடு நிற்கவேண்டும். கான்கிரீட்டில் தண்ணீர் இறங்க நேரம் பிடிக்கும் என்பதால் மறுநாளும் போய்ப் பாருங்கள்.

7. சாய்வுக் கூரை என்றால்

மேலே ஏறாதீர்கள். உங்கள் காலும் உடையும், ஓடும் உடையும். போன் ஜூம் போதும். முகட்டுக் கோடு நேராக இருக்கிறதா, ஓடுகள் நகர்ந்திருக்கின்றனவா, முகட்டு ஓட்டின் காரை உதிர்ந்திருக்கிறதா, இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் குப்பை தேங்கியிருக்கிறதா, புகைபோக்கியைச் சுற்றி மடித்த தகடு பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். தார் ஷிங்கிள் கூரை என்றால், கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் கால்வாயில் கறுத்த மணல்போலத் துகள் நிறையச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் ஷிங்கிளைக் காக்கும் மேல்துகள் உதிர்ந்துவிட்டது, வயது முடியப்போகிறது. உலோகத் தகட்டில், தகட்டுக்கு முன்பே ஸ்குரூவின் ரப்பர் வாஷர்தான் வெடிக்கும்.

கூரைக்கு அடியில் இடம் இருந்தால் பகலில் உள்ளே போய், விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா ஒரு நிமிடம் நில்லுங்கள். ஊசிமுனை வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே தண்ணீரும் வரலாம். பிறகு விளக்கைப் போட்டு, கூரையைத் தாங்கும் கைமரங்களை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், குறிப்பாகச் சுவரில் உட்காரும் முனைகளை. நல்ல மரம் எதிர்க்கும். உளுத்த மரத்தில் ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கும். கரையான் மண்தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆணிகள் எல்லாமே ஒரேபோலத் துருவேறியிருந்தால் அது ஓட்டைக் கூரையாக இல்லாமல் காற்றோட்டம் இல்லாத கூரையாகவும் இருக்கலாம். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஈரக்காற்றை உள்ளேயே தள்ளுகிறதா என்று பாருங்கள்.

பழைய வீட்டில் சாம்பல் நிற நெளி சிமென்ட் ஷீட் இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். துளையிடுவது, உடைப்பது, தேய்ப்பது எதுவும் வேண்டாம், தூசிதான் ஆபத்து. ஆய்வகத்தில் சோதித்துத் தெரிந்துகொள்ளவேண்டும். அகற்றுவதற்குப் பல நாடுகளில் தனி விதிமுறை இருப்பதால் செலவும் தனி.

8. பரிசோதகர்

வங்கிக் கடனுக்காக ஒரு மதிப்பீட்டாளர் வந்து போவார். அவர் பார்ப்பது வீடு கடன் தொகைக்கு ஈடாகுமா என்பதை. கூரை ஒழுகுமா என்பது அவர் வேலையில்லை. "பேங்க்காரர்களே பார்த்துவிட்டார்கள்" என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

கான்கிரீட்டில் கம்பித் துரு, தொய்வு, பெரிய விரிசல் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும். வாட்டர்ப்ரூஃபிங் ஒப்பந்தக்காரர் இலவசமாகப் பார்த்துத் தருகிறேன் என்பார். பார்க்கட்டும், ஆனால் வேலையை எடுக்கப்போகிறவரின் சொல்லை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்காதீர்கள். ஏஜென்ட் கைகாட்டும் ஆளும் வேண்டாம். கூப்பிடும் முன்பே கேளுங்கள்: மேலே ஏறிப் பார்ப்பீர்களா, புகைப்படத்தோடு எழுதித் தருவீர்களா, உடனே செய்யவேண்டியது எது, ஓராண்டுக்குள் எது, ஐந்தாண்டு தாங்குவது எது என்று பிரித்துச் சொல்வீர்களா? ஈரமானி வைத்துப் பார்த்தால் நன்றாகக் காய்ந்த சுவர் ஒன்றிலும் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள், உப்புப் பூத்த இடத்தில் அது கூடுதலாகக் காட்டும். அவர் வரும் நாளில் நீங்களும் கூடவே இருங்கள். அறிக்கையில் எழுதத் தயங்குவதை வாயால் சொல்லிவிடுவார்கள்.

9. கேட்கவேண்டிய காகிதங்கள்

அங்கீகரித்த வரைபடமும் கட்டட நிறைவுச் சான்றும் முதலில். வரைபடத்தில் இரண்டு மாடி, கண்ணெதிரே மூன்று மாடி என்றால், கூடுதல் தளத்தின் எடையைக் கீழே உள்ளது தாங்குமா என்று யாரும் கணக்குப் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, கூரை வேலைகளின் பில்கள். அதில் தேதி, பரப்பளவு, பயன்படுத்திய பொருள் மூன்றும் இருக்கவேண்டும். வாட்டர்ப்ரூஃபிங் உத்தரவாதம் இருந்தால் வாங்கிப் படியுங்கள். "10 ஆண்டு உத்தரவாதம்" என்று பெரிதாக எழுதி, முதல் உரிமையாளருக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் பெயருக்கு மாற்றமுடியுமா, அதற்குக் கெடு உண்டா என்று அந்த நிறுவனத்திடமே எழுதிக் கேளுங்கள். மாடியில் பிறகு சோலார் போல்ட் அடித்திருந்தால் உத்தரவாதம் அதோடு முடிந்திருக்கவும் கூடும்.

வீட்டுக் காப்பீடு எடுக்கப்போகிறீர்கள் என்றால் கூரையின் வயதைச் சொல்லி முன்கூட்டியே விசாரியுங்கள். பழைய கூரை என்றால் தொகையைக் கூட்டுவதும், பாதுகாப்பைக் குறைப்பதும் உண்டு.

அடுக்குமாடியின் கடைசித் தளத்தில் வாங்குபவர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்கவேண்டும்: மொட்டை மாடி யாருடையது? பொதுச் சொத்து என்றால் பழுதுபார்ப்பது சங்கத்தின் பொறுப்பு, ஆனால் நனைவது நீங்கள். கடந்த இரண்டு மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, அதில் கசிவு என்ற பேச்சு வருகிறதா, பழுதுக்குத் தனி வசூல் முடிவாகியிருக்கிறதா, இருப்பு நிதி எவ்வளவு என்று பாருங்கள்.

10. செலவுக் கணக்கு

பரிசோதகரின் கட்டணத்தைப் பார்த்து மலைக்காதீர்கள், வீட்டு விலையில் அது தூசு. பழுதுக்கு இரண்டு பேரிடமாவது எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். மொத்தத் தொகையாக வேண்டாம், வேலைவாரியாக வேண்டும். பழைய பூச்சை உடைப்பது, குப்பை அகற்றுவது, சாரம் கட்டுவது, கம்பி வேலை, வாட்டம் சரிசெய்வது, நீர்க்காப்பு, உள்ளே பூச்சும் பெயிண்டும். பலர் நடுவில் உள்ள ஒன்றை மட்டும் விலை சொல்வார்கள், முன்னும் பின்னும் நம் தலையில் விழும். தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை, ஏசி யூனிட் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிற கூலியை நான் கணக்கிலேயே வைக்கவில்லை. திறந்து பார்த்தபிறகுதான் முழுச் சேதமும் தெரியும் என்பதால் மதிப்பீட்டுக்கு மேல் 20 சதவீதம் ஒதுக்கிவையுங்கள்.

காலத்தையும் கணக்கில் சேருங்கள். புதிதாகக் கான்கிரீட் போட்டால் அது முழு வலுப்பெற 28 நாள் கணக்கு. ஈரம் காயாத தளத்தில் அடிக்கும் பல பூச்சுகள் கொப்பளித்து உரிந்துவிடும். மழைக்காலத்துக்கு முந்தின வாரம் சாவி வாங்கிக்கொண்டு "வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்தால் அந்த ஆண்டு முழுக்க வாளிதான்.

11. பேரமும் ஒப்பந்தமும்

அறிக்கையும் மதிப்பீடும் கையில் வந்தபிறகு மூன்று வழிகள். விலையைக் குறைத்து வாங்கி நீங்களே வேலை செய்வது. விற்பவரே செய்து தருவது. அல்லது ஒரு தொகையை நிறுத்திவைத்து, வேலை முடிந்து ஒரு பெருமழை கண்டபின் கொடுப்பது. என் ஓட்டு முதல் வழிக்கு. விற்றுவிட்டுப் போகிறவர் மலிவான ஆளைப் பிடித்து மேலோட்டமாகப் பூசிவிட்டுத்தான் போவார், அது மனித இயல்பு.

அவசரப்படுத்துகிறவர்களுக்கான பதில் இது: முன்பணம் தருகிறேன், ஆனால் கூரைப் பரிசோதனையில் பெரிய குறை வந்தால் பணம் முழுதும் இத்தனை நாளில் திரும்ப வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். வரியை வழக்கறிஞரிடம் காட்டி எழுதுங்கள். விற்பவரிடம் "இதுவரை எங்கெங்கே கசிந்தது, என்ன செய்தீர்கள்" என்ற கேள்வியையும் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. வாயால் சொன்ன ஃபேன் கதைக்கு என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை.

12. கடைசிப் பணம் கொடுக்கும் முன் இன்னொரு முறை

பரிசோதனைக்கும் சாவிக்கும் நடுவில் வாரக்கணக்கில் இடைவெளி விழும். அதற்குள் சோலார் பலகையைக் கழற்றி எடுத்துப்போயிருக்கலாம், ஏசி யூனிட்டைப் பிடுங்கிய இடத்தில் துளைகள் வாய் பிளந்திருக்கலாம், எங்கேயாவது புதிதாக வெள்ளை அடித்திருக்கலாம். முதலில் எடுத்த படங்களைப் போனில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிடுங்கள். டார்ச்சை மறந்துவிடாதீர்கள்.